அழுதால் மறுபடி பல்லவி

எங்கள் சபையில் துன்பப்படுவது அவ்வளவு சுலபமான காரியமாக இருக்கவில்லை. ஒரு வீட்டில் காய்ச்சல், வேலை போயிற்று, மாடு செத்தது என்று செய்தி கிடைத்தால் போதும். புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நாங்கள் ஐந்து பெண்கள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, கையில் தாளத்தோடு அந்த வீட்டு வாசலில் நிற்போம். வந்த துன்பம் போதாதென்று இவர்களும் வந்து நிற்கிறார்களே என்று வீட்டார் நினைத்திருக்கலாம். வாயைத் திறந்து யாரும் சொன்னதில்லை. சொன்னால் விசுவாசக் குறைவு என்ற பெயர் வந்துவிடும். துன்பத்தோடு அந்தப் பெயரையும் யார் சுமப்பது?

இந்த இருபதாம் நூற்றாண்டு பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. நாங்கள் கப்பலேறிப் பிழைக்க வந்த இந்தத் தீவில், சிராங்கூன் சாலையில் டிராம் வண்டி ஓடத் தொடங்கியிருந்தது. எங்கள் கோயில் தேக்காவில், எருமைக் கொட்டில்களுக்குப் பின்னால், பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக இருந்தது. நாங்கள் உள்ளே ஸ்தோத்திரம் என்றால் எருமைகள் வெளியே இருந்து குரல் கொடுக்கும். உபதேசியார் ஜெபத்தை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்து முறைப்பார். சபையார் அவருக்குப் பயந்தார்கள், எருமைகள் பயப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வந்த பாதிரி ஐயர் ஒருவர் பிரசங்கம் செய்தார். சிறையில் கால்கள் தொழுமரத்தில் மாட்டிக் கிடந்தபோதும் அப்போஸ்தலர்கள் கர்த்தரைப் பாடித் துதித்தார்கள், கதவுகள் திறந்தன, ஆகவே துன்பத்தில் சந்தோஷமாகத் துதியுங்கள் என்றார். நல்ல பிரசங்கம். அதில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அதைக் கேட்ட எங்களிடம்தான் இருந்தது. அப்போஸ்தலர்கள் தங்கள் சிறையில் இருந்து பாடினார்கள். நாங்கள் அடுத்தவர் சிறையைத் தேடிப் போய்ப் பாடக் கிளம்பினோம்.

உபதேசியாரின் மனைவியை உபதேசியாரம்மா என்று கூப்பிடுவோம். எல்லாவற்றுக்கும் அவர்தான் தலைவி. பாட்டுக்கு நான் தலைவி. என் குரல் இனிமையானது என்று யாரும் சொன்னதில்லை. தூரம் போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் கூட்டத்துக்குத் 'துதிப் படை' என்று பெயர் வைத்தவளும் நான்தான். இதை இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்று அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு தலைகால் புரியாமல் நடந்தேன்.

முறை இப்படி. துன்பம் வந்தவள் நடுவில் நிற்க வேண்டும். தன் துன்பத்தைச் சொல்லி, "இதுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று முடிக்க வேண்டும். உடனே நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த கீர்த்தனை ஒன்றைப் பிடிப்போம். பல்லவி, அனுபல்லவி, ஏழு சரணம். பாடி முடியும்வரை அவள் முகத்தில் சந்தோஷம் இருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வந்தால் மறுபடியும் பல்லவியிலிருந்து தொடங்குவோம்.

இந்தக் கடைசிச் சட்டம் எப்படி வந்தது என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாங்கள் போன முதல் வீடு ரொட்டி போடுகிறவர் வீடு. அவருக்கு அடுப்பில் கை வெந்துபோயிருந்தது. மூன்றாம் சரணம் முடிகிற நேரத்தில் அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு நாலாம் சரணத்தின் முதல் சொல் மறந்துவிட்டது. மறந்துபோனால் பல்லவிக்குத் திரும்பிவிடுவது பாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. நானும் திரும்பினேன். திரும்பி வந்து மூன்றாம் சரணம் முடிந்தபோது அவள் மறுபடி அழுதாள், எனக்கு மறுபடி மறந்தது. மூன்றாம் தடவை அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். எனக்கும் நாலாம் சரணம் வந்துவிட்டது.

வெளியே வந்ததும் உபதேசியாரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா! அவ அழுதப்போல்லாம் ஆவியானவர் உன்னைப் பல்லவிக்குத் திருப்பினாரே! அழுகையை விரட்டிட்டோம்மா!" என்றார். மறந்துபோயிற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆவியானவர் என்னைப் பிடித்துத் திருப்பினார் என்பது கேட்க நன்றாகத்தான் இருந்தது. ரொட்டிக்காரர் மனைவி அடுப்பில் பால் வைத்திருந்தாள், அது பொங்கி வழிகிறதே என்ற தவிப்பில்தான் அழுகையை நிறுத்தினாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டாவது வருஷத்தில் வண்டிக்காரர் ஒருவரின் இரண்டு மாடுகளும் நோயில் போயின. நாங்கள் போனபோது அவர் மனைவி தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள், கையில் வெங்காயம். துன்பத்தைச் சொன்னாள், ஸ்தோத்திரம் என்றாள். கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டியது. நான் பல்லவிக்குத் திரும்ப வாயெடுத்தபோது, "நான் அழல, கிராணியம்மா. வெங்காயம்" என்றாள்.

என் கணவர் ஒரு கிட்டங்கியில் சரக்குக் கணக்கு எழுதுகிற கிராணி, அதனால் நான் கிராணியம்மா.

சட்டத்தில் வெங்காயத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. நாங்கள் ஐந்து பேரும் பின்கட்டுக்குப் போய், கோழிகளுக்கு நடுவில் நின்று ஆலோசனை செய்தோம். தையற்காரர் மனைவி, கண்ணீர் கண்ணீர்தான் என்றாள். நான், வெங்காயத்துக்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை என்றேன். உபதேசியாரம்மா கண்ணை மூடி யோசித்து, வெங்காயக் கண்ணீர் கணக்கில் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். உள்ளே வந்து ஏழு சரணத்தையும் ஒரே மூச்சில் பாடி முடித்தோம்.

அதற்குப் பிறகு நாங்கள் போன வீடுகளிலெல்லாம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். தஞ்சோங் பகார் பக்கம் ஒரு வீட்டில் சமையல் எல்லாம் முடிந்து பாத்திரம் கவிழ்த்த பிறகும் ஒரு கூடை வெங்காயத்தோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் கப்பலில் போய் ஒரு சேதியும் வராதிருந்தது. எங்கள் ஜனங்களுக்குத் துன்பத்தில் வெங்காயச் சாம்பார் மேல் ஆசை வருகிறது போலும் என்று நான் வீட்டில் வந்து சொன்னேன். என் கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு நெசமாவே புரியலையா?" என்று கேட்டார். எனக்கு நிஜமாகவே புரியவில்லை. நான் அவ்வளவு பெரிய பாட்டுக்காரி.

படையில் ஒருத்தி ஊருக்குத் திரும்பிப் போய்விட, அந்த இடத்தில் வண்டிக்காரர் மனைவியைச் சேர்த்துக்கொண்டோம். அழாமல் நின்றவர்களைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். அவள் எங்களோடு வருவாள், வாயை அசைப்பாள், பாடுகிறாளா என்று மட்டும் வெகுநாள் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வருஷம் துன்பம் என் வீட்டைத் தேடி வந்தது. என் மகளுக்கு இரண்டரை வயது. ஒரே பிள்ளை. வயிற்றோட்டம் பிடித்து நாலு நாளில் துணி மாதிரி துவண்டுவிட்டாள். முதல் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் முனகினாள். நாலாம் நாள் ஒரு சத்தமும் இல்லை. கண் பாதி திறந்தபடி கிடந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் கீழே மருந்து கொடுக்கிற டிரெஸர் ஒருவர் எங்கள் சந்துக்கோடியில் குடியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றி நிறையத் திருநீறு. உபதேசியாரம்மாவுக்கு அவரைக் கண்டால் ஆகாது. நான் ஓடிப்போய் அவரைத்தான் கூட்டிவந்தேன். அவர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார்.

"தங்கச்சி, பிள்ளை அழுறாளோ?" என்று கேட்டார்.

"இல்லைங்க. நேத்து முனகினா. இன்னிக்கு சத்தமே இல்ல."

"அழவேணும். உடம்பில தண்ணி இல்லை. அதுதான் அழக்கூட ஏலாமக் கிடக்கிறாள். கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டு, கரண்டி கரண்டியாக் குடுத்துக்கொண்டே இருங்கோ. நிறுத்தாதேங்கோ. முதல்ல சத்தம் வரும். பிறகு கண்ணீர் வரும். கண்ணீர் வந்திட்டுதெண்டா பயப்பிடாதேங்கோ, பிள்ளை தப்பீட்டாள்."

"வராட்டி?"

அவர் குடையை எடுத்துக்கொண்டார்.

அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. கரண்டியில் கஞ்சித் தண்ணீரை எடுப்பேன், உதட்டைப் பிரித்து விடுவேன், பாதி வெளியே வழியும், துடைத்துவிட்டு மறுபடி விடுவேன். காதை அவள் வாயருகே வைத்துக்கொண்டு கேட்பேன். கிட்டங்கியிலிருந்து வந்ததும் என் கணவர் செருப்பைக் கழற்றாமலே, "அழுதாளா?" என்று கேட்பார். இல்லை என்று தலையாட்டுவேன். அந்த வீட்டில் இரண்டு பேர் ஒரு குழந்தையின் அழுகைக்காகத் தவம் கிடந்தோம்.

கிழமையெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. வாசலில் வெள்ளைப் புடவைகளைப் பார்த்தபோதுதான் அன்று புதன் என்று தெரிந்தது.

நாலு பேர் நின்றார்கள். ஐந்தாமவள் நான், உள்ளே.

"புள்ளைக்கு ரொம்ப முடியலம்மா. இன்னிக்கு வேணாமே" என்றேன்.

உபதேசியாரம்மா புன்னகை செய்தார். அந்தப் புன்னகையை நான் எத்தனையோ வாசல்களில் அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எதிரே நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. "முடியலங்கிறப்போதாம்மா துதிக்கணும். உனக்கு நான் சொல்லணுமா?" என்றபடி உள்ளே வந்துவிட்டார்.

ஏன் விரட்டவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. விசுவாசக் குறைவு என்பார்களே என்ற வெட்கம் கொஞ்சம். அதைவிடப் பெரியது பயம். பாடவிடாமல் அனுப்பிவிட்டு, பிள்ளை போய்விட்டால்? ஆண்டவர் என் வாசலில் நின்று கணக்குப் பார்க்கிறார் என்பது போல ஒரு பயம். அவரை அப்படிப்பட்டவர் என்று நினைத்தேனே, அதற்காக இன்றுவரை அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் நின்றேன். "என் மக சாகக் கெடக்கிறா. இதுக்காகவும் ஸ்தோத்திரம்" என்றேன். என் வாழ்நாளில் பொய்கள் பல சொல்லியிருக்கிறேன், இதற்கு நிகராக ஒன்றும் இல்லை.

தலைமைக்குத் தையற்காரர் மனைவி வந்தாள். மூன்று வருஷமாக அவள் கண் அந்த இடத்தின் மேலேயே இருந்தது. சுருதி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தாளத்தை மட்டும் பாத்திரக்கடைக்காரன் மாதிரி ஓங்கித் தட்டினாள். நான் முகத்தில் சந்தோஷத்தை ஒட்டவைத்துக்கொண்டு, கண்ணைப் பாயின் மேல் வைத்திருந்தேன். என்னிடமா வித்தை? எப்படிச் சிரித்தால் பாட்டு சீக்கிரம் முடியும் என்று எனக்குத் தெரியாதா?

நாலாம் சரணத்தில் குழந்தையின் வாய் அசைந்தது.

உதடு கோணியது. வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அழுகிறாளா, கடைசி மூச்சு விடுகிறாளா? பாட்டுச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாயில் விழுந்து காதை அவள் வாயருகே கொண்டுபோனேன். தாளம்தான் கேட்டது. என் கண்ணில் தண்ணீர் பொங்கியது.

தையற்காரர் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். உடனே பல்லவிக்குத் திரும்பினாள், இன்னும் உரக்க.

"நிறுத்துங்க! புள்ள வாயத் தொறக்கிறா! கேக்க விடுங்க!" என்று கத்தினேன்.

"அழுகைக்கு இடங்கொடாதம்மா" என்று உபதேசியாரம்மா கண்ணை மூடியபடியே சொல்லிவிட்டு, தானும் பல்லவியில் சேர்ந்துகொண்டார்.

நான் அழ அழ அவர்கள் பல்லவிக்குத் திரும்பினார்கள். அவர்கள் திரும்பத் திரும்ப எனக்கு அழுகை பெருகியது. சட்டம் யாருடையது? என்னுடையது. ஊரில் எத்தனை பெண்களை இப்படி நடுவில் நிறுத்தி வாட்டினேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் என் மரமண்டையில் ஏறியது. நான் பாய்ந்து தையற்காரர் மனைவி கையிலிருந்த தாளத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தேன். அது சாக்கடையில் விழுந்தது. அவள் தாளமில்லாமல் கையைத் தட்டிப் பாடினாள்.

அப்போது வண்டிக்காரர் மனைவி இரண்டடி முன்னால் வந்தாள். எங்கள் சபையில் யாரும் கனவிலும் நினைக்காத ஒரு காரியத்தைச் செய்தாள். தன் வலது கையை உபதேசியாரம்மாவின் வாயில் வைத்துப் பொத்தினாள்.

"சும்மா இருங்கம்மா. புள்ள அழுவுறாளான்னு கேப்போம்" என்றாள்.

மற்றவர்கள் தாமாக வாயை மூடிக்கொண்டார்கள். வீட்டில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எங்கோ ஓர் எருமை கத்தியது. பிறகு பாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கதவுக் கீல் உராய்வது போல மெல்லிய சத்தம். நின்றது. என் உயிரும் நின்றது. மறுபடி வந்தது. மூன்றாம் தடவை அது அழுகை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

நான் கரண்டியை எடுத்தேன். கஞ்சித் தண்ணீர் பாதி என் புடவையில் கொட்டியது. மிச்சத்தை அவள் விழுங்கினாள். விழுங்கிவிட்டு இன்னும் பலமாக அழுதாள். வண்டிக்காரர் மனைவி அப்போதுதான் கையை எடுத்தாள். உபதேசியாரம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். வண்டிக்காரர் மனைவி மட்டும் சமையல் பக்கம் போய், கஞ்சி வைக்க அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனாள். பெரிய பெரிய துதிகளுக்கு நடுவில் இத்தனை நாள் அவள் வாயை ஏன் வெறுமனே அசைத்தாள் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை உபதேசியாரம்மா சபையில் எழுந்து சாட்சி சொன்னார். கிராணி வீட்டுப் பிள்ளை சாகக் கிடந்தது, நாங்கள் சந்தோஷமாகப் பாடினோம், பாட்டுச் சத்தத்தில் பிள்ளை எழுந்தது என்றார். சபை ஸ்தோத்திரம் என்றது. வாய் பொத்தப்பட்டதைப் பற்றிப் பேச்சில்லை. கஞ்சித் தண்ணீருக்கும் உப்புக்கும் யாரும் சாட்சி சொல்லவில்லை. திருநீறு பூசிய டிரெஸருக்கு அந்தக் கோயிலில் யார் சாட்சி சொல்வார்கள்? நானாவது எழுந்து சொல்லியிருக்கலாம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். படைக்கு மட்டும் அதன்பின் நான் போகவில்லை. தையற்காரர் மனைவி புதுத் தாளம் வாங்கிக்கொண்டாள்.

அது ஞாயிற்றுக்கிழமைக் கதை. புதன்கிழமை அவர்கள் போன பிறகு நானும் மகளும் மட்டும் இருந்தோம். அவள் அழுதுகொண்டே இருந்தாள். குடிப்பாள், அழுவாள், களைத்து நிறுத்துவாள், மறுபடி அழுவாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் வந்துவிட்டது, கண்ணீர் இன்னும் வரவில்லை. கண் வறண்டுதான் இருந்தது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், கரண்டி கரண்டியாக விட்டேன். என்னை அறியாமல் நான் ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ராகமும் இல்லை, சரணமும் இல்லை. மூக்கு ஒழுக, முகமெல்லாம் ஈரமாக, "அழ வச்சீங்களே சாமி, என் புள்ளைய அழ வச்சீங்களே, இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதிக் காட்ட முடியாது. பயமும் போகவில்லை. அந்தச் சந்தோஷம் பயத்தோடு பயமாக, அழுகையோடு அழுகையாகத்தான் இருந்தது. அதை நான் துதி என்று அப்போது நினைக்கவில்லை. துதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

ஆறு மணிக்கு என் கணவர் வந்தார். குழந்தையின் கதறல் சந்து முனையிலேயே அவருக்குக் கேட்டிருக்கிறது. ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. பாயில் பிள்ளை வீறிடுகிறது, பக்கத்தில் நான் அவளைத் தூக்காமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"ஏன்டி, புள்ள இப்படிக் கதறுது! தூக்கிச் சமாதானம் பண்ணாம வேடிக்கை பாத்துட்டு இருக்கியா?"

அவர் கையைப் பிடித்து இழுத்து, ஆள்காட்டி விரலைக் குழந்தையின் கன்னத்தில் வைத்தேன். அவர் விரலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அது நனைந்திருந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவளைத் தூக்குவதற்காக இரண்டு கையையும் நீட்டினார்.

நான் அவர் கையைத் தடுத்தேன்.

"இருங்க. இன்னுங் கொஞ்சம் அழட்டும்."